அந்தோணியாருக்குப் பன்னிரண்டு எம்.எம்.

அந்த சேரைக் கொஞ்சம் இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க சார். அங்க உக்காந்தா ஜாயிண்ட்டு தெரியாது. ம், இப்பத் தெரியுதா? தூணும், மேல சாஞ்சு போற பீமும் ஒண்ணு சேர்ற எடம். எட்டு போல்ட்டு இருக்குல்ல? அதுக்குப் பின்னால பெயிண்ட்டுக்கு அடியில சன்னமா ஒரு கோடு ஓடுது பாருங்க. அதான் வெல்டிங்கு. அது நான் போட்டது.

சாப்பாட்டுக்கு இன்னும் முக்கா மணி நேரம் ஆவும். மொதப் பந்தி பொம்பளைங்களுக்கும் புள்ளைங்களுக்கும். உங்க வீட்டம்மா மெழுகுவத்தி கொளுத்தக் கோயிலுக்குள்ள போயிருக்காங்களா? அங்க வரிசை பெருசு. அவங்க வர்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருவேன். வெளியூரா? அப்பச் சரி. உள்ளூர்க்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, எல்லாருக்கும் தெரியும். தப்புத் தப்பாத் தெரியும், அதான் நானே சொல்றேன்.

என் பேரு இன்னாசிமுத்து. துவாக்குடியில பேப்ரிகேஷன் பட்டறை வச்சிருக்கேன். இருபத்தாறு வருசமா வெல்டிங் ராடு புடிச்ச கை சார் இது. பெருமைக்குச் சொல்லல, தகவலுக்குச் சொல்றேன்.

போன வருசத்துக்கு முந்தின வருசம் வரைக்கும் இங்க கூரை கெடையாது. வெட்ட வெளி. ஜூன் மாசம் அந்தோணியாருக்குக் கொடியேத்தம், வெயில் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் மண்டையப் பொளக்கும். நாலு பேராவது மயக்கம் போட்டு விழுவாங்க. அந்த சமயம் என் வீட்டுக்காரி சகாயத்துக்கு வயித்துல ஆபரேஷன். நான் நேந்துக்கிட்டேன். 'அந்தோணியாரே, இவள நல்லபடியா வீட்டுக்கு அனுப்பி வை, உன் வாசலுக்கு நெழல் போட்டுத் தர்றேன்'னு. அனுப்பி வச்சுட்டாரு. இப்ப அவ பேசுற பேச்சக் கேட்டீங்கன்னா, கொஞ்சம் கூடுதலாவே குணமாக்கி அனுப்பிட்டாரோன்னு தோணும்.

பங்குச் சாமியாரு இரும்பு, ஷீட்டு எல்லாத்துக்கும் ஆள் புடிச்சிட்டாரு. பட்டறை வேலை பூரா என்னோட உபயம். டிராயிங் போடுறதுக்கு ஃப்ளோரா மேடம். தில்லை நகர்ல ஆபீஸ் வச்சிருக்காங்க, ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர், இந்தப் பங்குக்கு மருமகளா வந்தவங்க. நல்ல மாதிரி. ஆனா ஒண்ணு சார், அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கொறையாச் சொல்லல. எதுக்கெடுத்தாலும் என்கிட்டத்தான் கேட்டாங்க. படிச்சவங்க கேக்குறாங்களேன்னு நானும் சொல்லிக் கொடுத்தேன்.

மொத நாளு மீட்டிங்குல நான் எந்திரிச்சுச் சொன்னேன், 'போல்ட்டே வேண்டாம் சாமி, பூரா வெல்டிங்தான். போல்ட்டுங்குறது வெல்டிங் தெரியாதவன் பண்ற வேலை'ன்னு. என் மச்சினன் லாசரு பக்கத்துல உக்காந்திருந்தான். சகாயத்தோட தம்பி. அவன் தொழிலே கிரேன் வச்சுத் தூக்கி போல்ட்டு முறுக்குறதுதான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். 

ஃப்ளோரா மேடம் ஒண்ணும் மறுத்துப் பேசல. "இன்னாசி அண்ணே, ஒரு சந்தேகம்"னாங்க. "கேளுங்க மேடம்." "இருபது அடி ஒசரத்துல, காத்துல, சாரத்துல தொங்கிக்கிட்டு அண்ணாந்து வெல்டிங் அடிச்சா, பட்டறையில குனிஞ்சு அடிக்கிற மாதிரி வருமா?"

"எப்படி மேடம் வரும்? காத்து அடிச்சாலே வெல்டிங்குல பொத்தல் விழும். கீழ வச்சு, உருட்டி உருட்டி அடிச்சாத்தான் வேலை வேலையா இருக்கும்."

"அப்ப மேல போனப்புறம் எப்படிண்ணே சேக்குறது?"

"மேல போல்ட்டு போட்டுக்க வேண்டியதுதான்" அப்டின்னேன்.

உடனே நோட்டுல எழுதிக்கிட்டாங்க. பாத்தீங்களா? பட்டறையில வெல்டிங்கு, சைட்டுல போல்ட்டு. இந்தக் கூரைக்கு அடிப்படையே நான் சொன்னதுதான். லாசருக்கு இன்னிக்கு வரைக்கும் அத ஒத்துக்க முடியல.

டிராயிங் வந்துச்சு. மொத்தம் எட்டு பீமு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நுனி, நுனிக்கு ஒரு தடி பிளேட்டு. பிளேட்டுல ஓட்டை. பிளேட்ட பீமோட சுத்தி வெல்டிங் வைக்கணும். பிளேட்டும் பிளேட்டும் முட்ட வச்சு போல்ட்டு போடணும். எல்லாம் சரி. வெல்டிங் சைசப் பாத்தேன். ஆறு எம்.எம்.!

ஆறு எம்.எம். சார். சுண்டு வெரல் நகம் அகலம் வராது. பந்தியில உக்காந்தவனுக்கு அரைக் கரண்டி சாம்பார் ஊத்துற மாதிரி இருந்துச்சு எனக்கு. வேற வேலையா இருந்தாக்கூட அடிச்சுக் கொடுத்துட்டுப் போயிருவேன். இது நேந்துக்கிட்ட வேலை. பொண்டாட்டிய முழுசாத் திருப்பிக் கொடுத்த சாமிக்கு ஆறு எம்.எம்.மா வைப்பேன்?

பன்னெண்டு வச்சேன்.

யாருட்டயும் சொல்லல. மூணு வாரம், ஒவ்வொரு நுனிக்கும் ஒண்ணு மேல ஒண்ணா மூணு சுத்து வெல்டிங்கு. ராடு பெட்டி பெட்டியாக் கரையுது. அடிக்க அடிக்க மனசு நெறையுது. இரும்பு கொதிச்சு ஒரு மாதிரி நீலம் பூக்கும் பாருங்க, அத நான் தேங்கா ஒடச்ச திருப்தியோட பாத்துக்கிட்டு நிப்பேன். சகாயம் சோறு கொண்டாந்தவ டிராயிங்கப் பாத்துட்டு, "ஆறுன்னுல்ல போட்டிருக்கு?"ன்னா. 

"பக்தியில போடுறேன்டி, இருக்கட்டும்."

"எனக்கு டாக்டரு எட்டுத் தையல் போட்டாரு. பாசத்துல பதினாறு போட்டிருந்தா நான் குனிஞ்சு நிமிர முடியுமா?"ன்னா.

வெல்டிங்கப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்.

கொடியேத்தத்துக்குப் பத்து நாள் இருக்கு. தூணெல்லாம் முன்னாடியே நட்டாச்சு. மொத பீம லாசரு கிரேன்ல தூக்குனான். வேடிக்கை பாக்க நூறு பேரு. நானும் சட்டைய மாத்திக்கிட்டு வந்து நின்னேன். மேல போச்சு, தூண்கிட்டப் போச்சு, நின்னுச்சு. லாசரு மேலேர்ந்து கத்துறான்.

"மச்சான்! நட்டு உக்கார மாட்டேங்குது!"

"ஏன்டா?"

"அந்த எடத்துல உங்க வெல்டிங்கு உக்காந்திருக்கு!"

சிரிச்சாங்க பாருங்க ஒரு சிரிப்பு. நூறு பேரும். சாமியாரு மட்டும் கைக்குட்டையால மொகத்தத் தொடச்சுக்கிட்டாரு. அவரும் சிரிச்சிருப்பாரு.

நடந்தது என்னன்னா சார், ஓட்டைக்குப் பக்கத்துலதான் வெல்டிங் ஓடுது. ஆறு எம்.எம்.னா நட்டும் வாஷரும் படிஞ்சு உக்கார எடம் இருக்கும். நான் பன்னெண்டு வச்சதுல வெல்டிங்கோட வயிறு ஓட்டை வரைக்கும் வந்துருச்சு. நட்டு ஒரு பக்கமாத் தூக்கிக்கிட்டு நிக்குது. அது பத்தாதுன்னு இன்னொண்ணு. அவ்வளவு சூடு கொடுத்ததுல இரும்பு ஆறும்போது இழுத்திருக்கு. தடி பிளேட்டு அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சு. தூண் பிளேட்டோட முட்டுனா ஓரத்துல அஞ்சு எம்.எம். சந்து. ஒரு பக்கம் நின்னு பாத்தா அந்தப் பக்கம் மாதா செலை வச்ச கெபி தெரியுது.

லாசருக்கு வழி தெரியும். "கேஸ் வச்சு ஓட்டையப் பெருசாக்கி, போல்ட்ட நவுத்திப் போட்டு, முறுக்குற முறுக்குல பிளேட்டு நேராயிரும் மச்சான்." இதெல்லாம் சைட்டுல வழக்கமா நடக்குறதுதான். கேஸ் கட்டர எடுத்தே எடுத்துட்டான். அந்த நேரம் பாத்து ஃப்ளோரா மேடம் ஸ்கூட்டர்ல வந்து எறங்குறாங்க. ஹெல்மெட்டக் கூடக் கழட்டல.

"லாசர், கேஸ்ல ஓட்டை வெட்டுனா நான் கையெழுத்துப் போட மாட்டேன். வெந்த ஓட்டை கோணல்மாணலா இருக்கும், போல்ட்டு ஒழுங்காக் கடிக்காது. வளைஞ்ச பிளேட்ட போல்ட்டால இழுத்தா, கூரை பாரம் ஏறுறதுக்கு முன்னாடியே போல்ட்டுக்குப் பாதி உசுரு போயிரும்."

சாமியாரு உடனே, "மேடம் கையெழுத்து இல்லாம இதுக்குக் கீழ ஒரு ஆள நிக்க விட மாட்டேன்"னுட்டாரு. நோட்டீஸ் அடிச்சாச்சு சார். 'புதிய நிழற்கூடத்தின் கீழ்'னு கொட்டை எழுத்துல. பத்து நாளு.

எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. "மேடம், கவலைய விடுங்க. போகுற போல்ட்ட மட்டும் போடுவோம். மேல சாரங்கட்டிச் சுத்தி வெல்டிங்கும் அடிச்சுருவோம். ரெண்டும் சேந்து தாங்கட்டும்."

அவங்க ஹெல்மெட்டக் கழட்டுனாங்க. அப்பறம், "அண்ணே, நீங்களும் லாசரும் ஒரு பீரோவத் தூக்குறீங்க. நீங்க கையால கெட்டியாப் புடிச்சிருக்கீங்க. லாசரு கயித்தக் கட்டிப் புடிச்சிருக்காரு, கயிறு கொஞ்சம் தொய்வா இருக்கு. யாரு இடுப்பு போவும்?"னு கேட்டாங்க.

"என் இடுப்புதான் மேடம். இவன் என்னிக்கு பாரம் தூக்கியிருக்கான்?"

"அப்ப ஓட்டைக்குள்ள கொஞ்சம் லூசா இருக்குற போல்ட்டும், இம்மி அசையாத வெல்டிங்கும் ஒரே ஜாயிண்ட்டுல இருந்தா?"

எனக்குச் சட்டுன்னு வெளங்கிருச்சு சார். வெல்டிங்கு மொத்தப் பாரத்தையும் வாங்கிக்கும். அது விட்டப்புறம்தான் போல்ட்டு முழிச்சுப் பாக்கும். ரெண்டும் சேந்தே தாங்காது! ஒரு ஜாயிண்ட்ட வெல்டிங்க நம்பிச் செய்யணும், இல்ல போல்ட்ட நம்பிச் செய்யணும். இத நான் அங்கயே எல்லாருக்கும் வெளக்கிச் சொன்னேன். ஃப்ளோரா மேடம் கூடத் தலையாட்டிக் கேட்டுக்கிட்டாங்க.

ஆனா அப்படி வெளக்கி முடிச்சப்புறம்தான் எனக்கே ஒறைச்சுது. அப்படின்னா வேற வழி இல்ல. பதினாறு நுனியையும் கிரைண்டர் வச்சு அறுத்து, பிளேட்டக் கழட்டிப் போட்டுட்டு, மறுபடி மொதல்லேர்ந்து.

நான் கோவக்காரன் கெடையாது. அன்னிக்கு யாருட்டயும் பேசல, சாப்புடல, அவ்வளவுதான். பட்டறையில லைட்டு போடாம உக்காந்திருந்தேன். வேலை போச்சேன்னு இல்ல சார். வேலை எனக்குப் பெருசில்ல. நேந்துக்கிட்டுக் கொடுத்தது அது. சகாயம் ஆஸ்பத்திரியில படுத்திருந்த அந்த நாலு நாள நெனைச்சு நெனைச்சு அடிச்ச வெல்டிங்கு. அத எப்படி சார் அறுக்குறது? சாமிக்குப் போட்ட மாலையப் பிடுங்குற மாதிரி இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு. பொய் சொல்லல.

மறுநா காலையில ஃப்ளோரா மேடமே பட்டறைக்கு வந்துட்டாங்க. சகாயம்தான் போன் பண்ணியிருக்கா, பின்னாடி தெரிஞ்சுது. வந்தவங்க சமாதானமெல்லாம் சொல்லல. வழக்கம் போல சந்தேகத்தோடதான் வந்தாங்க.

"அண்ணே, ஆறு எம்.எம். பத்துமான்னு எனக்கே ஒரு பயம். ஒரு துண்டுல அடிச்சுக் காட்டுறீங்களா?"

பாத்தீங்களா, படம் போட்டவங்களுக்கே பயம்! ரெண்டு துண்டுப் பட்டைய எடுத்து, ஒண்ணு படுக்க, ஒண்ணு நிக்க வச்சு, ஒரு பக்கம் மட்டும் ஆறு எம்.எம். அடிச்சேன். ஆறவிட்டு வைஸ்ல கவ்வ வச்சேன். "சம்மட்டியால அடிங்கண்ணே"ன்னாங்க. கோவம் வேற உள்ள இருக்குல்ல, ஓங்கி ஓங்கி அடிச்சேன். பத்து அடி, பதினஞ்சு அடி. நிக்க வச்ச பட்டை வளைஞ்சு நாய் வால் மாதிரி சுருண்டு போச்சு. வெல்டிங்கு? ஒரு கீறல் இல்ல!

"மேடம்! என் வெல்டிங்கப் பாத்தீங்களா!"ன்னு கத்திட்டேன். 

"பாத்தேன்ணே. இரும்பு தோத்துப் போச்சு, உங்க வெல்டிங்கு தோக்கல. ஆறு எம்.எம்.க்கே இப்படி"ன்னாங்க.

அப்பறம் கேட்டாங்க. "நீங்க அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டது வெல்டிங்காண்ணே, நெழலா?"

"நெழல்தான் மேடம்."

கிரைண்டர எடுத்துட்டேன்.

அஞ்சு நாள் சார். லாசரும் வந்தான், நான் கூப்புடாமயே வந்தான். வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான். ஒவ்வொரு பிளேட்ட அறுக்கும்போதும், "மச்சான், என்னா பக்தி, என்னா பக்தி, கிரைண்டர் பிளேடே தேயுதே"ம்பான். ஆனா கை நிக்காம வேலை செஞ்சான், அதையும் சொல்லணும். அறுத்ததுல பீமு ஒவ்வொண்ணும் கொஞ்சம் குட்டையாச்சு. அதுக்கு உச்சியில, பீமும் பீமும் சேர்ற எடத்துல, நடுவுல முழு அகலத்துக்கு ஒரு தகடு வச்சுச் சரிக்கட்டிக்கலாம்னு மேடம் கணக்குப் போட்டுக் கொடுத்துட்டாங்க. 

புதுப் பிளேட்டு அடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு ஸ்பானர என் கையில கொடுத்து, "ஒவ்வொரு ஓட்டையிலயும் நட்டு மாட்டி, இது சுத்த எடம் இருக்கான்னு நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தைரியம்"னாங்க. பாத்தேன். உச்சியில ஒண்ணோட ஒண்ணு சேர்ற ரெண்டு பிளேட்டுல ஓட்டை பீமோட மூலைய ஒட்டி இருந்துச்சு, ஸ்பானர் பாதியில முட்டுது. தள்ளிப் போட்டோம். நான் பாக்கலன்னா அந்தப் போல்ட்ட எந்தக் கொம்பனாலயும் முறுக்கியிருக்க முடியாது. ஆபீஸ்ல பேப்பர்ல கோடு போடுறது சுலுவு சார், கையும் கருவியும் போகணும்ல?

இன்னொண்ணு, சின்ன விஷயம். பிளேட்டு மறுபடி வளையாம இருக்க, ரெண்டு பீம எதுரெதுரா வச்சு, பிளேட்டும் பிளேட்டும் முதுகோட முதுகு ஒட்டிக் கிளாம்ப் போட்டு இறுக்கி, இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு மாத்தி மாத்தி அடிச்சேன். ஒண்ணு இந்தப் பக்கம் இழுத்தா இன்னொண்ணு அந்தப் பக்கம் இழுக்கும், ரெண்டும் நேரா நிக்கும். மேடம் ஸ்கேல வச்சு வெளிச்சத்துல பாத்தாங்க. ஒரு நூல் சந்து இல்ல. "இது எனக்குத் தோணவே இல்லண்ணே, இனிமே என் டிராயிங்குலயே எழுதிருவேன்"னாங்க. அதுல என்ன இருக்கு, எல்லாப் பட்டறையிலயும் பண்றதுதான். நான் பெருசா எடுத்துக்கல. போல்ட்ட சைட்டுல போடச் சொன்னதும், ரெண்டும் சேந்து தாங்காதுன்னு கண்டுபுடிச்சதும்தான் சார் பெரிய விஷயம்.

மறுபடி தூக்குனப்ப நான் பழைய சட்டையோடதான் வந்து நின்னேன். லாசரு மேலேர்ந்து ஒண்ணும் கத்தல. அதுவே பயமா இருந்துச்சு. "என்னடா மாப்ள?"ன்னேன். "ஒண்ணுமில்ல மச்சான், வெரலால தள்ளுனா போல்ட்டு போவுது. நம்ப முடியல, அதான் திருப்பித் திருப்பித் தள்ளிப் பாக்குறேன்"னான். எட்டு பீமும் ஒண்ணரை நாள்ல ஏறிருச்சு. ஷீட்டு அடிச்சு முடிச்சது கொடியேத்தத்துக்கு மொத நா மத்தியானம். மேடம் ஒவ்வொரு நட்டையும் ஏறிப் பாத்து, சாக்பீஸ்ல குறி போட்டு, எறங்கி வந்து கையெழுத்துப் போட்டாங்க.

கொடியேத்தம் அன்னிக்கு ஆயிரம் பேருக்கு மேல. கொடி மேல போய் விரிஞ்சுது, வாணம் போட்டாங்க. எல்லாரும் கையத் தட்டிக்கிட்டிருக்கும்போதே மேக்கால மானம் கறுத்துச்சு. கோடை மழை தெரியும்ல சார், சொல்லிட்டா வரும்? மொதல்ல காத்து. பொட்டிக்கடை குடையெல்லாம் பறக்குது. பொறவு மழை. கொடிமரத்துக்கிட்ட நின்ன கூட்டம் அம்புட்டும் கூரைக்குக் கீழ ஓடுது. ஷீட்டு மேல மழை அடிக்கிற சத்தத்துல ஜெபம் சொல்றது கேக்கல. காத்து கூரையப் புடிச்சுத் தூக்கிப் பாக்குது.

நான் வெளிய நின்னேன்.

லாசரு கத்துறான், "மச்சான், உள்ள வாங்க, நனையிறீங்க!" "கூரை எப்படி நிக்குதுன்னு வெளியேர்ந்து பாத்தாத்தான்டா தெரியும்!"னு நானும் கத்துனேன். அது நெசம்தான். சரி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நாளைக்கு நீங்க உங்க ஊருக்குப் போயிருவீங்க. கால் வரல சார். இருபத்தாறு வருசமா எத்தனையோ டன்னு செஞ்சு லாரியில ஏத்தி விட்டிருக்கேன். நான் செஞ்சதுக்குக் கீழ நான் நின்னதே கெடையாது. உள்ள சகாயம் நிக்கிறா. ஊரே நிக்குது. எனக்கு அந்த ஆறு எம்.எம். மட்டும்தான் கண்ணு முன்னால நிக்குது.

அப்பத்தான் ஃப்ளோரா மேடத்தப் பாத்தேன். நட்ட நடுவுல, அந்தா, அந்த ஃபேனு இருக்குல்ல, அதுக்கு நேர் கீழ. ரெண்டு பொம்பளப் புள்ளைங்களையும் இழுத்து அணைச்சுக்கிட்டு, சின்னதுக்கு முந்தானையால தலையத் துவட்டிக்கிட்டிருக்காங்க. காத்து ஒரு அடி அடிச்சுது, ஷீட்டெல்லாம் படபடன்னுச்சு, ஆயிரம் பேரும் அண்ணாந்து பாத்தாங்க. அந்தம்மா நிமிரல. தலை துவட்டி முடிச்சு, சடையப் பிழிஞ்சு விட்டுட்டு, என்னப் பாத்தாங்க. கையால வாங்கன்னாங்க.

போனேன் சார். எப்படிப் போனேன்னு தெரியல. தண்ணி சொட்டச் சொட்டப் பக்கத்துல போய் நின்னேன். 

"மேடம், நீங்க மேல பாக்கவே இல்லையே?"ன்னேன்.

"அடிச்சது நீங்கதானேண்ணே"ன்னாங்க.

நல்லவங்க சார், ரொம்ப நல்லவங்க. ஆனா அனுபவம் பத்தாது. ஒரு எஞ்சினியருன்னா அந்தக் காத்துல மேல பாக்க வேண்டாமா? மழை விடுற வரைக்கும் அவங்களுக்கும் சேத்து நான்தான் பாத்துக்கிட்டே நின்னேன்.